ஒரு ஜோடி ஷூவும் மூன்று பாக்கெட் டையும்

எனக்கு அகலமான கால். நீளம் ஒன்பதாம் நம்பர்தான். அகலத்துக்கு நம்பரே கிடையாது. செருப்புக் கடையில் முதலில் மரியாதையாக உட்கார வைப்பார்கள். ஒன்பது வரும், பத்து வரும், பதினொன்று வரும். பிறகு கடைக்காரர் என் காலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாண்டல் போட்டுக்கலாமுங்க, காத்தோட்டமா இருக்கும்" என்பார். தர்மபுரியில் நான் ஏறி இறங்காத செருப்புக் கடை இல்லை. எல்லாக் கடையிலும் இதே அறிவுரைதான். காற்றோட்டம் வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட எனக்கும் ஒரு ஜோடி தோல் ஷூ உண்டு. என் கல்யாண வரவேற்புக்காக, காகிதத்தில் என் காலை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, அளவெடுத்துத் தைத்த ஷூ. தைத்தவர் கோடு போட்டு முடித்ததும் காகிதத்தைத் தூக்கிப் பார்த்து, "இதுல ரெண்டு ஜோடி தைக்கலாம்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. டீயில் பால் கொஞ்சம் கூடிப்போனால் வருமே, அந்த நிறம். இருபத்தாறு வருஷத்தில் நான்கு முறை போட்டிருப்பேன். மற்ற நாளெல்லாம் பரணில், செய்தித்தாளில் சுற்றி, அந்துருண்டை போட்டு வைத்திருந்தேன்.

நான் பார்க்கும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் பாலின் தரம் பார்க்கிறவன். காலையும் மாலையும் கேனுக்குப் பக்கத்தில் நின்று, கருவியை உள்ளே விட்டுப் பார்த்து, இதில் தண்ணீர் இருக்கிறது, இதில் இல்லை என்று சொல்ல வேண்டும். கருவியே வேண்டாம், கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அடுத்தவர் கலக்கியதையெல்லாம் கண்டுபிடித்தவன், தான் கலக்கியதில் கோட்டை விட்ட கதை இது.

என் மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் வீட்டார் கம்பைநல்லூர்ப் பக்கம். எங்களைப் போலவே நிலமும் மாடும் உள்ளவர்கள், கத்தோலிக்கர்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அப்போது காரணங்கள் நிறைய வைத்திருந்தேன். பதினோரு மாதம் அவளோடு பேசவில்லை. போன் வந்தால் மனைவியிடம் நீட்டிவிட்டு, பேச்சு முடியும்வரை பக்கத்திலேயே நின்று ஒட்டுக்கேட்பேன். கோபக்காரன் என்று ஊரில் பெயர் எடுத்துவிட்டவன் இறங்கி வருவது அவ்வளவு லேசான காரியம் இல்லை.

ஒருநாள் மனைவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன். "அம்மா இல்லியா?" என்றாள். "இல்ல. சாப்ட்டியா?" என்றேன். "சாப்ட்டேன்ப்பா" என்றாள். எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அடுத்த மாதமே எங்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றி நிச்சயம் செய்தோம். கல்யாணம் பையன் ஊர்க் கோயிலில் என்று முடிவானது. சர்ச்சை அவர்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மகள் மறுபடியும் கூப்பிட்டாள். "அப்பா, அவங்க கோயில்ல பொண்ணோட அப்பாதான் கையப் புடிச்சு, வாசல்லருந்து பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்களாம். நீங்க வருவீங்களா? இல்ல, மாமாவ வரச் சொல்லிக்கட்டுமா?"

மாமா என்றால் என் மச்சினன், மனைவியின் தம்பி. முதல் கேள்வி என்னை ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது கேள்விதான் குத்தியது. நான் இல்லை என்று சொல்வேன் என்று நினைத்து, அதற்கும் ஒரு ஏற்பாடு யோசித்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். "வரேன் பாப்பா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பால் சங்கத்தில் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய், "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டது.

போனை வைத்ததும் என் மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது. பெற்ற பெண் கையைப் பிடித்து நாலு எட்டு நடந்து வா என்று கேட்கிறாள், பார்க்கலாம் என்கிறேன். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவும் வாய் வரவில்லை. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. கல்யாணத்தன்று அங்கே போய் நிற்பதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட வேண்டும், இந்த ஆள் அரை மனசாக வரவில்லை, முழு மனசாகத்தான் வந்திருக்கிறார் என்று. அதற்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கூரியரில் கோட்டு வந்தது. என் 'பாக்கலாம்' கிடைத்த பிறகும் அனுப்பியிருந்தாள். கன்னங்கரேல் என்று கறுப்புக் கோட்டு, அதற்கு ஒரு பேன்ட்.

பனியன் மேலேயே போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். மேலே பார்த்தால் மாவட்ட ஆட்சியர். கீழே ரப்பர் செருப்பு. அங்கேயே முடிவு செய்துவிட்டேன், ஷூதான் என்று. சினிமாவில் எத்தனை சர்ச் கல்யாணம் பார்த்திருக்கிறேன். பெண்ணின் அப்பா நடந்தால் பளபளவென்று கறுப்பு ஷூ, டக் டக் என்று சத்தம். நாமும் டக் டக் என்று நடந்துவிட வேண்டியதுதான்.

பரணில் இருந்ததை இறக்கினேன். கோட்டு கறுப்பு, ஷூ டீ நிறம்.

"சம்மந்தி வூட்டுக்கு ஒரு போன் போட்டு, அங்க என்ன ஏதுன்னு கேட்டுக்குங்களேன்" என்றாள் மனைவி.

"எதுக்கு? நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நாமளே போன் போட்டுச் சொல்றதுக்கா?"

"தெரியாதுன்னா தெரியாதுதானே?"

பதில் சொல்ல முடியாத இடங்களில் நான் பரணைச் சுத்தம் செய்வது வழக்கம்.

முதலில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அருமையான தோலுங்க. யாருக்குத் தெச்சது?" என்றார். எனக்குத்தான் என்றேன். என் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஓ" என்றார். கறுப்பாக்க முடியுமா என்று கேட்டதற்கு, "பாலிஷ் போட்டா மேலுக்குக் கறுப்பாத் தெரியும். நடந்தா மடிப்புல பழய கலரு பல்லிளிக்கும். சாயந்தான் ஏத்தணும். அந்தச் சாயம் இங்க வர்றதில்லிங்க" என்றார். வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். சாயம் இருந்தது, வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்றிருந்தது. பரண் வேலையிலும் யோசனையிலுமாக நாள் ஓடி, கல்யாணத்துக்கு அப்போது ஆறு நாள்தான் இருந்தது.

அதே போனில் ஒரு வீடியோவும் கிடைத்தது. கையுறை போட்ட ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டே பழைய ஷூவுக்குச் சாயம் ஏற்றுகிறார். எனக்கு இந்தி ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் கை செய்வதைப் பார்த்தால் போதாதா? முதலில் ஏதோ ஒரு மருந்தைத் துணியில் தொட்டுப் பழைய பளபளப்பைத் துடைத்து எடுக்கிறார். பிறகு சாயத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுகிறார். காய வைக்கிறார். மறுபடியும் தடவுகிறார். கடைசியில் மெழுகு. இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். நடுவில் அவர் ஐந்து நிமிஷம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ எச்சரிக்கை மாதிரி பேசினார். அதை ஓட்டிவிட்டுப் பார்த்தேன்.

சாயத்துக்கு என்ன செய்வது? மறுநாள் காலை முகம் கழுவும்போது கண்ணாடியில் விடை தெரிந்தது. முந்தின வாரம் தலைக்கு டை அடித்திருந்தேன். நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் பட்ட கறை எட்டு நாளாகியும் போகவில்லை. சோப்புப் போட்டாயிற்று, எலுமிச்சம்பழம் தேய்த்தாயிற்று, மனைவி பாத்திரம் தேய்க்கும் நாரைக்கூடக் கொடுத்துப் பார்த்துவிட்டாள். மனுஷன் தோலிலேயே இப்படிப் பிடிக்கிறது என்றால் மாட்டுத் தோலில் எப்படிப் பிடிக்கும்? எந்த ஓட்டையும் இல்லாத யோசனையாகத்தான் அது அப்போது தெரிந்தது. இப்போதும் யோசித்துப் பார்த்தால் பாதி சரி என்றுதான் தோன்றுகிறது.

மளிகைக் கடையில் மூன்று பாக்கெட் பவுடர் டை வாங்கினேன். பழைய பளபளப்பை எடுக்க, மகள் அறையில் அவள் விட்டுப்போன நகப்பாலிஷ் அழிக்கிற பாட்டில் பாதி இருந்தது. ஒரு எவர்சில்வர் கிண்ணம், பழைய பல் தேய்க்கும் பிரஷ், கிழிந்த பனியன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். பின்னாலேயே மனைவி வந்தாள்.

"அது என்னோட கிண்ணமாச்சே."

"கழுவித் தரேன்."

"தலைக்குப் போடறத யாராச்சும் காலுக்குப் போடுவாங்களா?"

"காலுக்கு இல்ல. ஷூவுக்கு."

"ஷூ எங்க போவுது, தலைக்கா?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்னால் வேலை நடக்காது. நகப்பாலிஷ் மருந்தை ஊற்றித் துடைத்தேன். தோல் வெளுத்து, சொரசொரவென்று ஆனது. வீடியோவிலும் இப்படித்தான் ஆனது. டையைக் குழம்புப் பதத்துக்குக் கரைத்துப் பிரஷ்ஷால் அடித்தேன். முதல் பூச்சிலேயே ஷூ கறுத்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஒன்று போதாது என்று இரண்டு, இரண்டு போதாது என்று மூன்று. ஷூவின் நாக்கைத் தூக்கி அதன் அடியில், ஓரத்தில், கால் நுழைகிற வாயின் உள்பக்கத்தில் எல்லாம் அடித்தேன். அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று தலைக்கும் மீசைக்கும் அடித்துக்கொண்டு, ஷூவுக்குப் பக்கத்தில் நானும் காய்ந்தேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்தவர்கள் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, துணியைப் போடாமலே இறங்கிப் போய்விட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்துத் தலையை அலசினேன். ஷூவை அலசவில்லை. தோல் நனைந்தால் கெட்டுப்போகும் என்பது யாருக்குத் தெரியாது? நல்ல வெயிலில் இரண்டு நாள் வைத்தேன். மெழுகுப் பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தேன். ஷூ முகம் பார்க்கிற மாதிரி வந்துவிட்டது. மனைவியே எடுத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றாள். போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டால் மடிப்பு விழுந்துவிடும், அன்றைக்குத்தான் போடுவேன் என்று சொல்லி, செய்தித்தாளில் சுற்றி வைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாளே மகளும் மனைவியும் கம்பைநல்லூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் என்னைக் கூட்டிப்போக மச்சினன் கார் எடுத்து வந்தான். கோட்டு போட்டேன், பேன்ட் போட்டேன், சாக்ஸ் போட்டேன், ஷூவுக்குள் காலை விட்டேன். கால் பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டு நாள் வெயிலில் தோல் நன்றாகச் சுருங்கியிருந்தது.

மச்சினன் வந்து குனிந்து பார்த்தான். "சாக்ஸக் கழட்டிருங்க மாமா. அதுவே ஒரு சுத்து எடம் புடிக்குது."

கழற்றினேன். முக்கால்வாசி போனது. குதிகால் வெளியே நின்றது. "இருங்க" என்று உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தான். என் இரண்டு குதிகாலிலும் தாராளமாக ஊற்றினான். நான் சுவரைப் பிடித்துக்கொள்ள, அவன் தரையில் உட்கார்ந்து தள்ள, ஒரு வழியாகக் கால் சளக் என்று உள்ளே இறங்கியது. "கன்னுக்குட்டி வெளிய வர்றதுக்கே இவ்ளோ கஷ்டம் இல்ல மாமா" என்றான். எழுந்து நடந்து பார்த்தேன். டக் டக் என்று சத்தம் வந்தது. வலியில் உயிர் போனது. சத்தம் வந்தால் போதும் என்று காரில் ஏறினேன்.

ஒரு மணி நேரப் பயணம். காரில் ஏசி வேலை செய்யவில்லை. ஷூவுக்குள் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து ஏதோ நடந்துகொண்டிருந்தது. கால் விரலை அசைத்தால் களக் களக் என்றது. புதுச் சாயம் ஏற்றிய ஷூ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கோயில் சின்னதுதான். வெள்ளையடித்து, மாலை தோரணமெல்லாம் கட்டி அழகாக இருந்தது. டக் டக் என்று இறங்கி நடந்தேன். சம்பந்தி எதிரே வந்து கும்பிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெறுங்கால். எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். வாசற்படிக்குக் கீழே செருப்புகள், நூற்றுக்கணக்கில், எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் கிடக்கிற மாதிரியே கிடந்தன.

"வாங்க சம்மந்தி, வாங்க. ஷூவ இங்கயே வுட்டுருங்க. நாங்க கோயிலுக்குள்ள போட்டுட்டுப் போறதில்லிங்க" என்றார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் வெறுங்கால். ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

படிக்கட்டு ஓரம் உட்கார்ந்தேன். ஷூ வரவில்லை. மச்சினன் முன்னால் மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். மூன்றாவது இழுப்பில் சத்தத்தோடு வந்தது. அவன் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு என் காலையே பார்த்தான். நானும் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே என் கால். கீழே யாரோ தார் டிரம்மில் இறங்கி ஏறிய ஆளின் கால். நகம், விரல் இடுக்கு, உள்ளங்கால் எல்லாம் பளபளவென்று எண்ணெய்க் கறுப்பு.

"மாமா, என்னா இது?"

"இன்னொண்ணையும் இழு" என்றேன். வேறு என்ன சொல்வது?

கோயில் ஓரத்தில் ஒரு குழாய் இருந்தது. கோயில் என்றால் காலைக் கழுவிவிட்டு நுழைகிற பழக்கம் எனக்கு எப்போதும் உண்டு. அன்றைக்குக் கூடுதல் காரணமும் இருந்தது. ஓடிப்போய்க் குழாயைத் திறந்து தேய்த்தேன். தண்ணீர் கறுப்பாக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கால் மட்டும் வெளுக்கவில்லை. அலசாமல் விட்ட டை முழுதும் இப்போதுதான் ஊறி வேலை செய்ய ஆரம்பித்தது என்று புரிந்தது. மணி அடித்துவிட்டார்கள். ஈரக் காலோடு வாசலுக்குத் திரும்பினேன்.

வாசலிலிருந்து பீடம் வரைக்கும் வெள்ளை மொசைக் தரை. இரண்டு பக்கமும் ஜனம். எல்லோர் கையிலும் போன். சம்பந்தி வீட்டு ஜனத்துக்கு முன்னால், மகள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலோடு அந்தத் தரையில் எப்படி நடப்பது? ஜென்மத்துக்கும் அவளைச் சொல்லிச் சிரிக்க மாட்டார்களா? மச்சினனை ஓரமாக இழுத்தேன். "நீயே கூட்டிட்டுப் போயிரு. என்னால ஆவாது" என்றேன்.

அதைச் சொல்லி முடித்துத் திரும்பினால், இரண்டடி தூரத்தில் மகள் நிற்கிறாள்.

வெள்ளைப் பட்டுச் சேலை, தலையில் வெள்ளை முக்காடு, கையில் பூச்செண்டு. பக்கத்தில் அவள் அம்மா. நான் சொன்னது இரண்டு பேர் காதிலும் விழுந்திருந்தது. மனைவி முகத்தில் கோபம் வந்தது. அது எனக்குப் பழகியது. மகள் முகத்தில் கோபம்கூட வரவில்லை. இது நடக்கும் என்று தெரிந்தே வந்தவள் மாதிரி, மெதுவாக, "பரவால்லப்பா. மாமாவே வரட்டும்" என்றாள்.

பதினோரு மாதம் நான் பேசாமல் இருந்தது எவ்வளவு பெரிய கொடுமை என்பது அந்த ஒரு 'பரவால்ல'யில்தான் எனக்கு உறைத்தது. அவமானமாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது. இரண்டு கையாலும் பேன்ட்டை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்தேன்.

"வரமாட்டேன்னு சொல்லல பாப்பா. காலப் பாரு."

பார்த்தாள். அவள் அம்மாவும் பார்த்தாள். உள்ளே பாடல் ஆரம்பமாகியிருந்தது.

"என்னாப்பா பண்ணீங்க?"

"ஷூவுக்கு டை அடிச்சேன்."

"எந்த டை?"

"தலைக்கு அடிக்கறதுதான்."

"நான் சொன்னேன், அலசுங்கன்னு சொன்னேன்" என்றாள் மனைவி. அவள் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அது வாதாடுகிற இடம் இல்லை.

"எதுக்குப்பா இதெல்லாம்?" என்றாள் மகள்.

"நீ கேட்டப்ப, பாக்கலாம்னு சொல்லிட்டேன் இல்ல. அதுக்குத்தான்."

அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. பூச்செண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். அலங்காரம் செய்த பெண் ஓடிவந்து, "கண்ணு மை கலையுதுங்க, சிரிக்காதீங்க" என்று கெஞ்சினாள். சிரிப்பு நிற்கவில்லை. தன் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். இரண்டு காலிலும் சிவக்கச் சிவக்க மருதாணி.

"எனக்கும் வெச்சிருக்காங்க. வாங்கப்பா போலாம்" என்று கையை நீட்டினாள்.

பிடித்துக்கொண்டு நடந்தேன். டக் டக் எல்லாம் இல்லை. சப் சப் என்றுதான் சத்தம் வந்தது. முதல் இரண்டு வரிசையில் இருந்தவர்கள் என் கோட்டைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, பின்னால் என் கால் ஒவ்வொன்றும் அச்சாக விழுந்துகொண்டு வருகிறது. ஒரு குழந்தை, "அம்மா, கரடி வந்துச்சா?" என்று கேட்டது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் பெண்ணும் உதட்டைக் கடித்துக்கொண்டு பீடத்துக்கு வந்து சேர்ந்த கல்யாணம் அந்தக் கோயிலில் அதுதான் முதலாக இருக்கும்.

பீடத்துப் படிக்கு முன்னால் அவள் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, நான் போய் பெஞ்சில் உட்கார வேண்டும். காரில் வரும்போது மச்சினன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். மாப்பிள்ளை கையை நீட்டினார். நான் நின்றேன். பீடத்தில் நின்ற சாமியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் நின்றேன். பின்னால் மச்சினன் தொண்டையைச் செருமினான். கொடுக்கக்கூடாது என்றெல்லாம் இல்லை. கை விடவில்லை, அவ்வளவுதான். பிறகு எப்படியோ விட்டுவிட்டு, பெஞ்சுக்குப் போய்க் காலை அதற்கு அடியில் மறைக்கப் பார்த்தேன்.

பூசை முடிந்து எல்லோரும் படம் எடுக்க வெளியே போன பிறகு, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வாளியும் துணியுமாக வந்தார். நானும் துணியை வாங்கிக்கொண்டு குனிந்தேன். "நீங்க வுடுங்க சம்மந்தி, நான் தொடைக்கிறேன்" என்று எங்கள் சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு துணியோடு உட்கார்ந்துவிட்டார். வாசலிலிருந்து வந்த காலடியெல்லாம் துடைக்கத் துடைக்கப் போய்விட்டது. பீடத்துக்கு முன்னால் மட்டும் காலடி இல்லை. ஒரு தட்டு அகலத்துக்கு ஒரே கறுப்பு. நான் கையை விடாமல் நின்ற இடம். ஈரம் வடிந்து தரையில் இறங்கிவிட்டிருந்தது. எவ்வளவு தேய்த்தும் மங்கியதே தவிரப் போகவில்லை.

கல்யாணம் முடிந்து இப்போது எட்டு மாதம் ஆகிறது. என் கால் வெளுக்கப் பத்து நாள் ஆனது. அதுவரை பால் சங்கத்தில் சாக்ஸ் போட்டுக்கொண்டு நின்றேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பித்தவெடிப்பு என்று சொன்னேன். அந்தக் கோயில் தரையில் உள்ள கறை இன்னும் இருக்கிறது என்று சம்பந்தி போனில் சொல்வார். அவருக்கு அது ஒரு வேடிக்கை. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுகிறாராம்.

போன மாதம் தன் மாமியார் வீட்டுக்குப் போயிருந்த மகள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள். "கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன்ப்பா" என்றாள். கறை போயிடுச்சா என்று கேட்டேன்.

"போவல. எல்லாரும் வெளிய போனப்புறம், அது மேல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்" என்றாள்.

அழுதுவிட்டேன். அது அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நானும் விட்டுவிட்டேன்.